மருந்துக் கம்பெனியில் சிஎஸ்ஆர் வேலை: பார்மசி படிக்கும் மகளின் அம்மாவுக்கு

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) மூன்றாம் ஆண்டு பார்மசி படிக்கும் உங்கள் மகள் மருந்துக் கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பிரிவுக்குப் போக ஆசைப்படுகிறாள். இவ்வளவு படித்துவிட்டு, அரிசி மூட்டை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் பிள்ளையின் ஆசையைத் தட்டிவிடாதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது.

ரத்ததான முகாம், தீபாவளி அன்பளிப்பெல்லாம் சிமெண்ட் கம்பெனியும் செய்யும். மருந்துக் கம்பெனியை அதன் மருந்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 1987-ல் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி, ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இன்றும் தருகிறது. எத்தனை மாத்திரை என்பது ஆளின் எடையைப் பொறுத்தது. ஆப்பிரிக்கக் கிராமத்தில் எடை பார்க்கத் தராசுக்கு எங்கே போவது? கோடு போட்ட கம்பு ஒன்றின் பக்கத்தில் ஆளை நிறுத்தி, உயரத்தைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று முடிவு செய்கிறார்கள். 90 செண்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. இப்படி யோசிக்க மருந்து தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகள் படிப்பது அதைத்தான்.

நம் நாட்டுக் கதையையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்தும் சொஃபோஸ்புவிர் மருந்தை மலிவாகத் தயாரித்துப் பல நாடுகளில் விற்க, அமெரிக்க மருந்துக் கம்பெனியான கிலியட் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. நடுத்தர வருமான நாடான மலேசியாவுக்கு அந்த நாடுகளின் பட்டியலில் இடமில்லை. 2017-ல் நம் அரசு காப்புரிமைச் சட்டத்தின் கீழ் அரசுப் பயன்பாட்டு உரிமத்தை, அதாவது கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மலிவு மருந்தை வாங்கும் உரிமையை, கையில் எடுத்தது. கிலியட்டும் அதே ஆண்டு மலேசியாவைப் பட்டியலில் சேர்த்தது. 2018-லிருந்து அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க் என்ற தன்னார்வ அமைப்பு மருந்துக் காப்புரிமை விஷயத்தில் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. அங்கேயும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. என்னைக் கேட்டால், கம்பெனிக்குள் போவதற்கு முன் வெளியிலிருந்து கேள்வி கேட்பவர்களின் வாதத்தையும் அவள் படித்துவிட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சிஎஸ்ஆர் என்ற பெயரில் இங்கே பதவிகள் குறைவு. இருக்கும் ஒன்றிரண்டும் பெரும்பாலும் மக்கள் தொடர்புப் பிரிவோடு ஒட்டியிருக்கும். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மலேசியாவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட்டாக வேண்டும், அவ்வளவுதான். அதனால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது சொல்லும் வேலைக் கணக்கு இங்கே செல்லாது. உண்மையான பொறுப்பு மருந்துப் பதிவு, பக்கவிளைவுக் கண்காணிப்பு, விலை நிர்ணயம், விநியோகம் ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. பிள்ளை அங்கேதான் குறி வைக்க வேண்டும்.

பட்டம் முடிந்ததும் ஒரு வருட பிஆர்பி (தற்காலிகப் பதிவு மருந்தாளர்) பயிற்சியை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம். அதை முடித்துப் பதிவுபெற்ற மருந்தாளர் ஆகிவிட்டால், கம்பெனி வேலை ஒத்துவராவிட்டாலும் மருத்துவமனையோ மருந்துக்கடையோ அவளுக்குக் கைகொடுக்கும். உங்கள் பயத்தில் பாதி அதோடு தீரும். பயிற்சியை அரசு மருத்துவமனையில் எடுப்பதே நல்லது. அங்கே மருந்து வாங்கிப்போன பெரியவர், பாதியைத் தொடாமலே பையோடு திருப்பிக் கொண்டுவருவார். ஏன் சாப்பிடவில்லை என்று கவுண்டரில் நின்று கேட்டுப் பழகியவளுக்கு, எந்தத் திட்டம் வேலைக்கு ஆகும் என்று பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த செமஸ்டர் விடுமுறையில் பங்குச் சந்தையில் உள்ள இரண்டு மருந்து நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்து, முகாம்களுக்கு எத்தனை பக்கம், மருந்து விலைக்கும் ஏழை நோயாளிக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் குறிப்போடு இருவரும் சேர்ந்து வாருங்கள், பயிற்சிக்கு எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.