‘மளை’ என்றால் நனையாதா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. இன்னும் வாயில் ‘ழ’ வராது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், “அம்மா, மளை இல்ல, மழை” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரிலேயே திருத்துகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். இந்த நிலையில் அவள் பள்ளியில் பெற்றோர் தினத்துக்கு ‘குழல் இனிது யாழ் இனிது’ குறளை வாசித்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: சொல்லாதீர்கள். பத்து நாள் தாராளம்.

நானும் உங்கள் பக்கத்து ஆள்தான், கோவில்பட்டிக்குக் கொஞ்சம் தெற்கே. கல்லூரியில் ஒருமுறை நன்றியுரை சொல்ல மேடையேறி, “இந்த விளாவைச் சிறப்பித்த” என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், “ஓட்டை உடைச்சு வெல்லம் போட்டுக் கொடு!” என்று கத்தினான். விளாம்பழமாம். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க நான் மைக் பக்கமே போகவில்லை. அதனால் உங்கள் வயிற்றுக் கலக்கம் எனக்குத் தெரியும்.

நம் ஊர்ப்பக்கம் மளை, பளம், கோளி, கெளவி என்று சொல்வது சோம்பலால் அல்ல. ‘ழ’ வரும் இடமெல்லாம் ஒரே மாதிரி ‘ள’ ஆகிறது என்றால் அது ஒரு ஒழுங்கு. பழைய சென்னைப் பேச்சில் அதே எழுத்து ‘ய’ ஆகிவிட்டது: வாயப்பயம், கோயி. ‘இழுத்து’ இன்னும் ஒரு படி தாண்டி ‘இஸ்து’ என்று நிற்கிறது. நாக்கை மடிக்கச் சங்கடப்பட்டு ஆளுக்கொரு குறுக்குவழியில் போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

சிரித்தவர்களிடம் ‘கரி’, ‘கறி’ இரண்டையும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அடுப்புக்கரியும் ஆட்டுக்கறியும் ஒரே ஓசையில்தான் வரும். ‘ர’வும் ‘ற’வும் நம்மில் முக்கால்வாசிப் பேர் வாயில் ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் இன்றும் அவற்றைப் பிரித்துச் சொல்கிறார்கள். சிரிக்கிற உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. நேற்றை ‘நேத்து’ என்கிறோம், இலையை ‘எலை’ என்கிறோம், குடையை ‘கொடை’ என்கிறோம். யாரும் திருத்துவதில்லை. மொழியின் பெயரிலேயே உட்கார்ந்திருப்பதால் ‘ழ’ மட்டும் பரீட்சை எழுத்தாகிவிட்டது.

சரி, பரீட்சைக்கு வருவோம். நாக்கின் நுனியைப் பின்னால் மடித்து மேலண்ணத்தில் ஒட்டி ‘ள்ள்ள்’ என்று இழுங்கள். குரலை நிறுத்தாமல் நுனியை மட்டும் ஒரு நூலளவு இறக்குங்கள். அது எதையும் தொடக் கூடாது. ஓசை சட்டென்று மாறும், அதுதான் ழ். இந்த வழி சரிப்படவில்லை என்றால் ‘ர’விலிருந்து போங்கள். தொல்காப்பியமே ‘ழ’வை ‘ள’வோடு சேர்க்காமல் ‘ர’வோடுதான் சேர்க்கிறது: இரண்டுக்கும் நுனிநாக்கு மேலே நிமிர்ந்து அண்ணத்தை வருட வேண்டுமாம். ‘ர்’ என்று ஆரம்பித்து, துடிப்பை அடக்கி, நாக்கைப் பின்னால் வளைத்தால் வந்து சேரும். எனக்கு இந்த வழியில்தான் வந்தது, பாத்திரம் துலக்கும்போது.

முதல் இரண்டு நாள் யாழ், கூழ், தமிழ் என்று ‘ழ்’ என்று முடியும் சொற்கள் போதும். கடைசி எழுத்தை வேண்டுமளவு இழுத்துப் பார்க்கலாம். குழல், மழலை அப்புறம். அவற்றில் ‘ழ’ முடிந்த கையோடு நாக்கு பல்லை நோக்கி ஓடி ‘ல’ சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கேதான் தடுக்கும். கிழவி வாழைப்பழத்தில் வழுக்கி விழும் அந்த வாசகத்தைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கெனவே ‘ழ’ வருகிறவர்கள் அலட்டிக்கொள்ள வைத்திருப்பது அது.

ஒரு எச்சரிக்கை. புதிதாக ‘ழ’ பிடிபட்டவர்கள் எல்லா ‘ள’வையும் மடித்துவிடுவார்கள். ‘பழ்ழி’, ‘அவழ்’, ‘மகழிர்’ எல்லாம் தொலைக்காட்சியிலேயே கேட்டிருக்கிறேன். உங்கள் குறளில் குழல், யாழ், மழலை என்று மூன்று ‘ழ’, மக்கள், கேளாதவர் என்று இரண்டு ‘ள’. அந்த இரண்டுக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மேடைக்கு. பட்டுப்புடவை கட்டுகிற மாதிரி. வீட்டில் ‘மளை’ அப்படியே பெய்யட்டும். மகளையும் அதட்டாதீர்கள், அவள் காது சரியாகத்தான் கேட்கிறது. “அம்மா ஊருல இப்படித்தான் பெய்யும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு அம்மாச்சி வீட்டில் ஒரு மாதம் விட்டால் அவளே கோளிக்குஞ்சைத் துரத்துவாள். பள்ளி திறந்ததும் மறுபடி கோழி. பிள்ளைகளுக்கு இரண்டும் கொள்ளும்.

இரண்டு நிமிடப் பேச்சுக்கு உரை நூல் தேட வேண்டாம். குறளே மழலையைப் பற்றியதுதான். உங்கள் மகள் இரண்டு வயதில் தண்ணீரை என்னவென்று கேட்டாள், பிஸ்கட்டை என்னவென்று கேட்டாள், அதில் ஆரம்பியுங்கள். முன்வரிசையில் அவள் வெட்கப்படுவதைப் பார்க்கிற ஜோரில் பயம் போய்விடும்.

அப்புறம், ‘விழா’ என்ற சொல்லுக்குப் பயந்து ‘நிகழ்ச்சி’ என்று மாற்றி எழுதிக்கொண்டு போகாதீர்கள். அதிலும் ‘ழ’ இருக்கிறது.