புற்றுச் செல் திசுவை அரிப்பது எப்படி?

கேள்வி: என் அக்காவின் மார்பகக் கட்டிக்கான பயாப்ஸி அறிக்கையில் 'இன்வேசிவ்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் திசுவை எப்படித் துளைத்துக்கொண்டு போகும்? அதைத் தடுக்க மருந்து கிடையாதா?

பதில்: முதலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். பால் நாளங்களின் உட்புறச் செல்களுக்குக் கீழே, கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் நெருக்கமாகப் பின்னிய அடித்தளச் சவ்வு என்ற மிக மெல்லிய விரிப்பு உண்டு. புற்றுச் செல்கள் அதற்குள் அடங்கியிருந்தால் 'இன் சிட்டு' என்றும், அதைத் தாண்டியிருந்தால் 'இன்வேசிவ்' என்றும் எழுதுவோம். வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பலர் அப்படி எண்ணிக் கலங்கிவிடுகிறார்கள்.

சவ்வைத் தொடும் இடத்தில் புற்றுச் செல் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகளை ஊன்றி, அவற்றின் நுனியில் மெட்டலோபுரோட்டினேஸ் எனப்படும் நொதிகளைக் குவிக்கிறது. துத்தநாக அணு ஒன்றைத் தாங்கிய இந்த நொதிகள் கொலாஜன் இழைகளைத் துண்டித்து வழி உண்டாக்குகின்றன. இவை புற்றுநோய்க்கென்று தோன்றியவை அல்ல. இவ்வகை நொதி 1962இல் முதன்முதலில் அறியப்பட்டதே, தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் கரைவதை ஆராய்ந்தபோதுதான். காயம் ஆறுவதற்கும், கரு கருப்பைச் சுவரில் பதிவதற்கும் நம் உடல் இவற்றையே பயன்படுத்துகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்நொதிகளில் பெரும்பங்கைப் புற்றுச் செல்கள் தாமே சுரப்பதில்லை, அருகிலுள்ள நாரிழைச் செல்களையும் நோய் எதிர்ப்புச் செல்களையும் தூண்டிச் சுரக்க வைக்கின்றன. திசு கரையும்போது அதில் சிறைப்பட்டிருந்த வளர்ச்சிக் காரணிகளும் விடுபட்டு, கட்டிக்கே ஊட்டமாகின்றன.

இந்நொதிகளை முடக்கினால் போதும் என்ற நம்பிக்கையில் 1990களில் மாரிமஸ்டாட் போன்ற மருந்துகள் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, மூட்டுவலிதான் மிஞ்சியது. அவை நல்ல நொதி, கெட்ட நொதி என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் தடுத்தன. சோதனைக்கு வந்தவர்களில் பலருக்கு நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. போதாக்குறைக்கு, சில புற்றுச் செல்கள் நொதியே இல்லாமல் உருமாறி இடுக்குகளில் நுழைந்துவிடுகின்றன.

ஆகவே உங்கள் அக்காவுக்கு இப்போது தேவை நொதித் தடுப்பு மருந்தைத் தேடுவதல்ல. ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்), அக்குள் நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றின் நிலையை மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை அவற்றைப் பொறுத்தே முடிவாகும்.