20 ஏக்கர் வாங்கியாச்சு, அரசு உதவிக்கு எங்கே போவது?

கேள்வி: டல்லாஸில் ஐடி வேலை பார்க்கிறோம். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், ஒரு கிராமப்புறக் கவுண்டியில் போன வருடம் 20 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறோம். மழை பெய்தால் சரிவில் மண் அரித்துக்கொண்டு போகிறது. வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அரசு பணம் தரும் என்கிறார்கள். வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 1,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. வழிகாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஊழியர்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் 'ஃபார்மர்ஸ் டாட் கவ்' தளத்தில் கவுண்டியின் பெயரைக் கொடுத்தால் அந்தத் துறையின் உள்ளூர் அலுவலகமான சர்வீஸ் சென்டரின் முகவரி கிடைக்கும். போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் அங்குள்ள எஃப்எஸ்ஏ என்ற பண்ணைச் சேவைப் பிரிவில் நிலப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் காட்டிப் பண்ணை எண் வாங்க வேண்டும். எல்எல்சி (நிறுவனம்) பெயரில் நிலம் வாங்கியிருந்தால் அந்த ஆவணங்களும் வேண்டும். வருமான வரம்பு உண்டுதான், ஆனால் அது சராசரியாக ஆண்டுக்கு 9 லட்சம் டாலர். ஐடி சம்பளத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

அப்புறம் என்ஆர்சிஎஸ் என்ற இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு. அங்கே போய், "வேலிக்குப் பணம் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். மண் அரிக்கும் சரிவின் போட்டோவைக் காட்டி, நிலத்தை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் பணம் தருவது மண், நீர்ப் பாதுகாப்புக்கு. மேய்ச்சலைப் பகுதி பகுதியாக மாற்றிவிடும் உள்வேலியும் தொட்டியும் அந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வரலாம். வெறும் எல்லை வேலி வருவது கடினம்.

உங்களுக்குப் பொருந்துவது, பாதுகாப்பு வேலைகளுக்கு இந்தப் பிரிவு உதவித்தொகை தரும் 'ஈக்விப்' திட்டம். இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. அவசரப்பட்டுக் கம்பம் நட்டுவிடாதீர்கள்.

பணமும் பொதுவாக வேலை முடிந்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவும் உங்கள் பில்லைப் பார்த்து அல்ல. வேலிக்கு அடிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் என்ஆர்சிஎஸ் வைத்திருக்கும் விலைப்பட்டியல்படி. உள்ளூர் ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் மீதி உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு வையுங்கள். பண்ணை நடத்தத் தொடங்கி 10 வருடத்துக்குள் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு: அவர்கள் மதிப்பிடும் செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கலாம், பாதித் தொகையை முன்பணமாகவும் கேட்கலாம். நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள், மறக்காமல் கேளுங்கள்.

நிலத்தைச் சும்மா விட்டு 10 முதல் 15 வருடம் அரசிடம் வாடகை வாங்கும் சிஆர்பி திட்டம், ஆடு மேய்க்கும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வரும் தொகை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. ஒரு பகுதிக்கு விலக்கு கிடைக்குமா என்று பண்ணைக் கணக்கு தெரிந்த சிபிஏ-விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) கேளுங்கள். ஒப்பந்தக் காலத்தில் நிலத்தை விற்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம். இரண்டு மூன்று வருடத்தில் விற்கும் எண்ணமிருந்தால் கையெழுத்தே போடாதீர்கள்.