வாசகர் கேள்வி–பதில்: இணையதளத்தின் பெயர் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே குடும்பமாகத் தேனீ வளர்த்துத் தேன் விற்கிறோம். இதுவரை வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் எடுத்து வருகிறோம். ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்தால் இணையதளம் தொடர்பான எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: தளத்தை அவரே வடிவமைக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் டொமைன் எனப்படும் தளப்பெயர் உங்கள் பெயரிலும், நீங்கள் அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலிலும், உங்கள் கைபேசி எண்ணிலும்தான் பதிவாக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தளப்பெயரும், பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஹோஸ்டிங்கும் தனித்தனிச் சேவைகள். ஹோஸ்டிங் சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பக்கங்களை வேறொருவரைக் கொண்டு புதிதாக எழுதிக்கொள்ளலாம். பெயர் பிறருடைய கணக்கில் இருந்து, அவர் தொழிலை விட்டுவிட்டாலோ உங்களோடு பிணங்கிவிட்டாலோ, குப்பிகளில் ஒட்டிய லேபிள்களில் அச்சிட்டிருக்கும் இணைய முகவரி உங்களுக்கு உதவாமல் போய்விடும்.

பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பிறகு அதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ள முடியும். ‘டாட் இன்’ (.in) என்று முடியும் பெயர்களைப் பத்து ஆண்டுகள் வரை சேர்த்துப் பதிவு செய்யலாம் என்பதால், முதலிலேயே மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டிவிடுவது நிம்மதி.

இலவசமாகக் கிடைக்கும் தளம் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு சிறு கடைகளுக்கு இலவச இணையதளமும் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை நிறுத்திவிட்டது. சொந்தத் தளப்பெயர் வைத்திருந்தவர்கள் அதே முகவரியை வேறொரு தளத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

உங்களுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் அதில் எழுதுவதை நீங்களே எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் தேனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வடிவமைப்பாளருக்குத் தெரியாது. ரப்பர் மரங்கள் தளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் எடுக்கும் தேன் இது என்பதையும், ஜனவரி முதல் மார்ச் வரையே பெரும்பாலும் அறுவடை என்பதையும் வெளியூர்க்காரர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். குப்பியின் அடியில் தேன் உறைந்திருந்தால் சர்க்கரை கலந்ததாகச் சந்தேகிப்பவர்களும் உண்டு; உறைவது தேனின் இயல்பு, இளஞ்சூடான நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும் என்று தெளிவாக எழுதிவிட்டால் தொலைபேசியில் அதே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. எடை, விலை, அஞ்சல் செலவு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவற்றைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே இடுங்கள். நோட்டீஸைப் படமெடுத்து ஒட்டிய பக்கத்தைத் தேடுபொறி சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகங்களை அப்படியே கொடுத்தாலும் தளத்தில் பொருளற்ற எழுத்துகளாகவே தெரியும். எல்லாம், எந்தக் கைபேசியிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் இருக்க வேண்டும்.

இணையவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, குறை தெரிவிப்பதற்கான தொடர்பு விவரம் ஆகியவை வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தளத்திலேயே பணம் செலுத்தும் வசதியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். வாட்ஸ்அப் பொத்தானும் யுபிஐயும் போதும். பாதுகாப்பான இணைப்புக்குரிய சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில் சிறிய உணவகம் நடத்துகிறேன். எனக்கும் இணையதளம் தேவையா?
– குலசேகரம் வாசகர்

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. அருவிக்கு வருபவர்கள் சாப்பாட்டுக்கு வரைபடத்தில்தான் தேடுவார்கள். எனவே கூகுள் வணிகப் பக்கத்தில் உணவகத்தைப் பதிவு செய்து, நேரம், தொலைபேசி எண், சாப்பாட்டின் படங்கள், விலைப்பட்டியல் ஆகியவற்றைச் சரியாக வைத்திருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடை நேரம் மாறினால் அன்றே திருத்திவிடுங்கள். பதிவு செய்து தருபவருக்கு நிர்வாகி அனுமதி மட்டும் போதும். உரிமையாளர் கணக்கு உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.