விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் எழுத ஹார்ட் டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் வைக்கலாம்?

கேட்டிருப்பது இதுதான்: திருப்பூர் ஆபீசில் விண்டோஸ், வீட்டில் மேக்புக், மகன் படிக்கும் கோயமுத்தூர் காலேஜ் லேபில் உபுண்டு. புதிதாக வாங்கிய 2 டிபி டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபார்மட்) என்று காட்டுகிறது. மேக்கில் சொருகினால் உள்ளே இருப்பது தெரிகிறது, ஒன்றையும் போடத்தான் முடியவில்லை.

டிஸ்க்கில் பழுது இல்லைங்க. மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. மூன்று இடத்திலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற ஃபார்மட்டைப் போடுங்க. மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்தது. மேக்கில் 10.6.5 பதிப்பிலிருந்தே ஓடுகிறது. உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் கெர்னலின் 5.7 பதிப்பிலிருந்து (2020) உபுண்டுவிலும் தானாகத் திறக்கும். லேபில் பழைய உபுண்டு இருந்து திறக்க மறுத்தால், எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற பேக்கேஜைப் போட்டுத் தரச் சொல்லுங்க.

எல்லாத்துக்கும் ஆகும் என்று ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டைச் சொல்வார்கள். வேண்டாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்டக் கூடாது. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் எடுத்த 4கே கல்யாண வீடியோ ஆறு நிமிடத்துக்குள் அந்த அளவைத் தாண்டிவிடும். டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தாலும், ஃபைல் பெரிது என்று காப்பி நின்றுவிடும். எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் கொண்டுபோகும் சின்ன பென்டிரைவுக்கு மட்டும் ஃபேட்32 இருக்கட்டும். பழைய மெஷின்கள் பலவற்றுக்கு மற்றது புரியாது.

ஃபார்மட்டை விண்டோஸிலேயே செய்யுங்க. உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்க. திஸ் பிசியில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், ஃபார்மட், ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட், குயிக் ஃபார்மட் டிக், ஸ்டார்ட். பெயர் 11 எழுத்துக்குள் இருக்கட்டும். அங்கேயே அலக்கேஷன் யூனிட் என்று ஒன்று இருக்கும், டிஸ்க்கில் ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் துண்டின் அளவு அது, மேக்கில் செய்தால் அதைக் கேட்கவே கேட்காது. 2 டிபிக்கு விண்டோஸ் தானாக எடுப்பது 128 கேபி. வீடியோவுக்கும் போட்டோவுக்கும் அது சரி. ஆனால் 10 கேபி ஃபைல் ஒன்றும் முழு 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி 50,000 டிசைன் ஃபைல் இருந்தால் 500 எம்பி சரக்குக்கு 6 ஜிபிக்கு மேல் போகும். 32 கேபி தேர்ந்தெடுங்க, இல்லாவிட்டால் ஜிப் செய்து வையுங்க. மகன் லேபிலிருந்து புரோகிராம் ஃபோல்டர் கொண்டுவந்தாலும் ஒரே ஃபைலாகக் கட்டித்தான் போட வேண்டும். ஃபைலை யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற லினக்ஸின் பர்மிஷன்களை எக்ஸ்ஃபேட் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

இனிச் சொல்வதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அடுத்த முறை அதைப் பார்த்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடே கிடையாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் பாதி எழுதும்போது ஒயரைப் பிடுங்கினால் ஒரு ஃபோல்டர் மொத்தமும் காணாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில், மாதாந்திர மின்தடை அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று தெரிந்தும் எட்டே முக்காலுக்கு 200 ஜிபி காப்பி போடாதீங்க. பையர் ஆர்டர் ஃபைலோ குடும்பப் போட்டோவோ, ஒரே பிரதியாக இந்த டிஸ்க்கில் இருக்கவே கூடாது. இது கொண்டுபோய்க் கொண்டுவரும் டிஸ்க், பத்திரப் பெட்டி அல்ல.

உபுண்டுவில் காப்பி பட்டை முழுதாகிவிட்டாலும் டிஸ்க்கின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மெமரியில் நிற்கும் மிச்சம் அப்போதுதான் எழுதப்படுகிறது. எஜெக்ட் கொடுத்து, கழற்றலாம் என்று வந்த பிறகே எடுங்க.

பிடுங்கியே விட்டீர்களா? அடுத்து மேக்கில் சொருகும்போது பல நிமிடம் டிஸ்க் தெரியாமல் இருக்கலாம். பின்னால் சோதனை ஓடுகிறது, செத்துவிட்டது என்று மறுபடி பிடுங்காதீங்க. விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்க. டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்ற வழியில் சரிபார்ப்பது அதற்கப்புறம்தான்.

மேக்கில் போட்ட போட்டோக்களை விண்டோஸில் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் ஒரு துணை ஃபைல், பெரும்பாலும் 4 கேபி அளவில், தெரியலாம். திறந்தால் எர்ரர் வரும். படம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மேக் தன் குறிப்புகளை அதில் வைக்கிறது. ஆல்பம் பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் அவற்றை அழித்துவிடுங்க. மேக்கில் போட்ட கலர் டேக் போகலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது.