ஆட்டு மந்தையும் அரைப்பேரும்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆட்டுக் கூட்டத்துக்கும் பறவைக் கூட்டத்துக்கும் 'ஃப்ளொக்' என்ற ஒரே சொல் எப்படி வந்தது என்று 8ஆம் தரப் பிள்ளை ஒன்று கேட்டது. கம்பளிப் பஞ்சுக்கும் அதே சொல் இருப்பதால் அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். சரியா? எந்த மிருகக் கூட்டத்துக்கு என்ன சொல் என்று ஒரு பட்டியல் தந்தாலும் உதவி. நம் தோட்டச் சனமும் 200 வருடமாக மந்தையாகத்தானே இருக்கிறது என்ற கவலையும் கூடவே வந்தது.

*

அன்புள்ள தம்பி,

பட்டியல் அகராதியில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிக் கதை பிழை. பிள்ளையிடம் நாளைக்கே ஒத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் பிழைவிட்டால் அதுகளுக்குக் கொண்டாட்டம். கம்பளிப் பஞ்சைக் குறிக்கும் ஃப்ளொக் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். கூட்டத்தைக் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். அது முதலில் ஆட்களைத்தான் குறித்தது. ஆடும் பறவையும் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டவை.

சரி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். யார் மந்தை? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் சனத்தைப் பங்குபோட்டு, 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எண்ணியவர்கள் அப்படி எண்ணினார்கள். அந்தக் கணக்கை நீங்கள் ஏன் வாங்கி உங்கள் வாயால் சொல்கிறீர்கள்? அதுவும் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற ஆள்!

கொஞ்ச நாளாக எனக்கு 'நிரை' என்ற சொல்மேல்தான் யோசனை. சங்கப் பாட்டில் நிரை என்றால் மாட்டுக் கூட்டம். அதைக் கவர்ந்தால் வெட்சித் திணை, மீட்டால் கரந்தைத் திணை. நம் தோட்டத்தில் நிரை என்றால் தேயிலை வரிசை. காலையில் பெரட்டு என்கிற ஆள்கணக்கு முடிந்ததும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். இரண்டுக்கும் அடியில் இருப்பது வரிசை என்ற பொருள்தான்.

என் அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரை ஓர் அக்காவுடையது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவின் வலது கை தன் செடியில் இருக்கும், இடது கை அக்காவின் செடியில் இருக்கும். இரண்டு இலையும் மொட்டும் நறுக் நறுக்கென்று ஒடியும். இடது கைக் கொழுந்து அக்காவின் கூடைக்குத்தான் போகும். அம்மா அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அப்படியொரு மழை நாளில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தண்ணிக்கென்று இரண்டு கிலோ, கூடைக்கென்று இன்னும் கொஞ்சம் கழித்துவிட்டு, நிறை காணாது என்று அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார்கள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அரைப்பேர் என்றால் அன்றைக்கு நீங்கள் பாதி ஆள். அக்காவுக்கு முழுப்பேர் விழுந்திருந்தது. அம்மா மழைக்குப் போட்டிருந்த நனைந்த கொங்காணியை லயத்து வாசலில் உதறிவிட்டு என்னிடம் சொன்னார்: "மிச்சப் பாதி ஆளு மலையிலயே நிக்குதான்னு பார்த்துட்டு வாடா. வந்தாத்தான் சோறாக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் உண்மையிலேயே மலைப் பக்கம் எட்டிப் பார்த்தேன், அவ்வளவு சின்னவன்.

நாளைக்கு அந்தப் பிள்ளைகளிடம், வீட்டில் அம்மாவிடம் நிரை என்றால் என்னவென்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஃப்ளொக்கை அப்புறம் பார்க்கலாம். எழுதிவந்ததில் இரண்டு மூன்றை எனக்கும் அனுப்புங்கள்.