உறைபனியில் தப்பிய தக்காளியின் விதை குளிர் தாங்குமா?

கேள்வி: உறைபனி விழுந்த இரவில் என் தக்காளியில் நாலைந்து செடிகள் மட்டும் பிழைத்தன. அவற்றின் விதையை எடுத்தால் குளிர் தாங்கும் ரகம் கிடைக்குமா? நாற்றைக் குளிரில் வைத்துப் பழக்கினாலே போதுமா?

பதில்: விதையில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். தூய ரகமாக இருந்தால் செத்த செடிக்கும் பிழைத்த செடிக்கும் மரபணு ஏறக்குறைய ஒன்றுதான். பிழைத்தவை சுவரோரத்திலோ மேட்டிலோ நின்றவையா என்று பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும்.

பழக்குவதால் மரபணு மாறாது. ஏற்கெனவே இருப்பது விழிக்கும், அவ்வளவுதான். குளிர் பட்டதும் செல் சவ்வு இறுகி, கால்சியம் உள்ளே பாய்கிறது. அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுக்கூடச் சிறுசெடியில் கால் மணி நேரத்துக்குள் சி.பி.எஃப். எனப்படும் குளிர்ச் சுவிட்ச் மரபணுக்கள் வேலையைத் தொடங்கி, வேறு பல மரபணுக்களை முடுக்குகின்றன. சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் சேர்கின்றன; சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு கூடுகிறது. இதெல்லாம் எதற்கு? சவ்வு கிழியாமல் காக்கத்தான். பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுகிறது. செல் சுருங்க, சவ்வு கிழிகிறது. வெயில் ஏறியதும் இலை கொதிநீரில் போட்ட கீரைபோலக் கருத்துத் தொங்குவது அதனால்தான்.

பழக்காத குளிர்கால ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) சுமார் −5 டிகிரியில் சாகும். 2 டிகிரியில் சில வாரம் பழகியபின் −30 வரை தாங்கும். கோதுமையில் 5ஏ குரோமோசோமில் சி.பி.எஃப். மரபணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. தக்காளியிலும் அவை உண்டு, குளிரில் விழிக்கவும் செய்கின்றன; ஆனால் அவற்றின் சொல் கேட்கும் மரபணுக்கள் குறைவு. ஆகவே எவ்வளவு பழக்கினாலும் உறைபனியைத் தாங்காது.

நாற்றை 7 முதல் 10 நாள் வெளியில் வைத்துப் பழக்குங்கள். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிடுங்கள். நீரைக் குறையுங்கள், வாட விடாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் தளிர் மென்மையாகிவிடும். உறைபனி இரவில் போர்வைதான் வழி. முட்டைக்கோஸ் கதை வேறு: 2 முதல் 5 டிகிரியில் சில வாரம் பழகினால் நன்றாகத் தாங்கும். நடுவில் சில நாள் வெயில் சூடேறினால் பழகியதெல்லாம் போய்விடும் (பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்).

ரகமே வேண்டுமானால், ஆண்டிஸ் மலையின் காட்டுத் தக்காளி சொலானம் ஹாப்ரோகைட்டிஸுடன் கலப்பினம் செய்து, பல தலைமுறை தேர்வு செய்ய வேண்டும். அப்போதும் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வழித்தோன்றலையும் தாய் ரகத்தின் பக்கத்திலேயே, குறைந்தது மூன்று இடத்தில் மாற்றி மாற்றி நட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மறுபடியும் சுவரோரச் செடியிலிருந்துதான் விதை எடுப்பீர்கள்.